சின்ன படகு, எலக்ட்ரிக் மோட்டார்: மீன் பிடிக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கேள்வி: மொதல்ல எத வாங்கணும், படகா மோட்டாரா?

படகுதான், சந்தேகமே வேணாம். மோட்டார் ஆஃபர்ல கெடச்சுதுன்னு வாங்கி வீட்ல சாத்தி வச்சுட்டு அப்புறமா அதுக்கு ஏத்த படகு தேடுறவங்கள நிறைய பாத்திருக்கேன், மூக்கணாங்கயிறு வாங்கிட்டு மாடு தேடுற கதைதான் அது. எந்த தண்ணில எறங்கப் போறீங்க, அங்க காத்து எப்படி, படக தண்ணி வரைக்கும் யாரு தூக்கிட்டு வர்றது, கூட எத்தன பேரு, இதுக்கு பதில் தெரிஞ்சா படகு தானா முடிவாயிடும், படகு முடிவானா மோட்டாரும் பேட்டரியும் வெறும் கணக்குதான்.

இன்னொன்னும் இப்பவே சொல்லிடுறேன், கீழ வர்ற பதில் எல்லாத்துலயும் இதுதான் திரும்பத் திரும்ப வரும். எலக்ட்ரிக் மோட்டார வேகமா போறதுக்குன்னு நெனச்சு வாங்காதீங்க, எதிர்காத்துல கரைக்கு திரும்பி வர்றதுக்குன்னு நெனச்சு வாங்குங்க. போறப்ப எந்த மோட்டாரும் நல்ல மோட்டார்தான்.

கேள்வி: எந்த மாதிரி படகு நல்லது?

அலை இல்லாத ஏரி, குளம், மெதுவா ஓடுற ஆறுன்னா தட்டையான அடிப்பாகம் வச்ச அலுமினிய ஜான் போட்டுக்கு ஈடு கெடையாது. எழுந்து நின்னு தூண்டில் வீசலாம், ஆழம் கம்மியான எடத்துலயும் போகும், கல்லுல இடிச்சா நசுங்குமே தவிர ஒடையாது. அதோட மாடல் பேர்ல இருக்குற நம்பருக்கு என்ன அர்த்தம்னு கேப்பாங்க, 1036னு போட்டிருந்தா 10 அடி நீளம், அடிப்பாகம் 36 இஞ்ச் அகலம், 1448னா 14 அடி, 48 இஞ்ச். நின்னு மீன் பிடிக்கிற ஐடியா இருந்தா அந்த ரெண்டாவது நம்பரத்தான் பாக்கணும், 36 இஞ்ச்ல ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாஞ்சீங்கன்னா தண்ணி உள்ள எட்டிப் பாக்கும்.

தட்டை அடிக்கு ஒரு குறை இருக்கு, சின்ன அலைலயே டம் டம்முனு அடிவாங்கும், தண்ணி மூஞ்சில தெறிக்கும். காத்தும் அலையும் அதிகமான பெரிய ஏரின்னா முன்பக்கம் வி மாதிரி கூர்மையா இருக்குற படகு எடுங்க, அது அலைய வெட்டிட்டுப் போகும், ஆனா நின்னா கொஞ்சம் ஆடும்.

படக வைக்க எடமும் இல்ல, இழுக்க டிரெய்லரும் இல்லன்னா காத்தடிக்கிற படகுதான் வழி. காருக்குள்ள போட்டுட்டுப் போயிடலாம், எடைய தாங்குறதுல யாருக்கும் சளைச்சது இல்ல. தரை எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க, மெல்லிசான மிதவைத் தரைன்னா நிக்கவே முடியாது, கட்டில் மெத்தை மேல நிக்கிற மாதிரி இருக்கும். ஹை ப்ரஷர் ஏர் தரையோ அலுமினியப் பலகைத் தரையோ இருக்கணும். மோட்டார் மாட்ட பின்னாடி கெட்டியான மரப் பலகை ஒட்டியே வரணும், தனியா கம்பி வச்சு மாட்டுற ஸ்டாண்டு இருக்கே, அது 30 பவுண்டு த்ரஸ்ட், அதாவது அவ்ளோ தள்ளுற பலம் இருக்குற சின்ன மோட்டாருக்கே ஆட்டம் போடும்.

தனியா போறவரா இருந்தா மேல உக்காந்து போற கயாக், ஒடுக்கமான துடுப்புப் படகு. மீன் பிடிக்கிற கயாக் பலதும் 30 கிலோவுக்கு மேலயே இருக்கும், அத மறந்துட்டு வாங்கிட்டு அப்புறம் கார் மேல ஏத்த ஆள் தேடாதீங்க. ஒடம்பு மெலிசா இருக்கறதால சின்ன மோட்டாருக்கே சரசரன்னு போகும், அது ஒரு சொகம்தான்.

பரிசல் மாதிரி வட்டமா இருக்குறதுல மோட்டார் மாட்டலாமான்னும் கேக்குறாங்க. மாட்டலாம், சுத்திக்கிட்டே இருக்கலாம்.

கேள்வி: எத்தன அடி எடுக்கணும்?

ரெண்டு பேருன்னா 12 அடி, இதுதான் என் பதில். 10 அடில ரெண்டு பேரு போகலாம் ஆனா ராடு வீசுறப்ப ஒருத்தர் கொக்கி இன்னொருத்தர் தொப்பில மாட்டும். ஆள் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு, நீளத்தையும் அகலத்தையும் அடில பெருக்கி 15ஆல வகுங்க. 10 அடிக்கு 4 அடின்னா 40, வகுத்தா சுமாரா 2.7, அப்போ 2 பேரு, பாதி ஆள ஏத்த முடியாதுல்ல. 12 அடிக்கு 5 அடின்னா 4 பேரு. ஆனா இது உக்காந்து போறதுக்கான கணக்கு, மீன் பிடிக்கப் போறீங்கன்னா ஒரு ஆளக் கொறச்சுக்கோங்க. படகுல எடை அளவு எழுதின தகடு ஒட்டியிருந்தா அதுதான் கடைசி வார்த்தை, அதுக்குள்ள ஆளு மட்டும் இல்ல, மோட்டாரு பேட்டரி ஐஸ் பெட்டி எல்லாம் அடங்கும்.

கேள்வி: எத்தன பவுண்டு த்ரஸ்ட் வேணும்?

எல்லாரும் சொல்ற கணக்கு, மொத்த எடைல 100 பவுண்டுக்கு 2 பவுண்டு த்ரஸ்ட். கிலோல சொன்னா 45 கிலோவுக்கு 2 பவுண்டு. போட்டுப் பாப்போம். 12 அடி அலுமினியப் படகு ஒரு 60 கிலோ, ஆள் ரெண்டு பேரு 150, ஈயப் பேட்டரி 28, மோட்டார் 12, மத்த சாமான் 20, ஆக 270 கிலோ. 45ஆல வகுத்தா 6, ரெண்டால பெருக்குனா 12 பவுண்டு.

12 பவுண்டு போதும்னு கணக்கு சொல்லுது, நான் இந்தப் படகுக்கு 45க்கு கீழ வாங்க மாட்டேன். ஏன்னா அந்தக் கணக்கு காத்தே இல்லாத நாளுக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா படகத் தள்ளுற பலம் நாலு மடங்காகும், காலைல இலை கூட அசையாம இருக்கும், மத்தியானம் பாத்தா தண்ணி பூரா வெள்ள நுரை. அதுல திரும்பி வர்றதுக்குத்தான் அந்த மிச்ச 33 பவுண்டு.

பொதுவா 55 பவுண்டு வரைக்கும் 12 வோல்ட், ஒரு பேட்டரி போதும். 70, 80னு போனா 24 வோல்ட், ரெண்டு பேட்டரிய தொடரா மாட்டணும். 112 பவுண்டுக்கு 36 வோல்ட், மூணு பேட்டரி. சின்ன படகுக்கு 55க்கு மேல போறது தேவையில்லாத சொம.

கேள்வி: 55 பவுண்டுன்னா எத்தன ஹெச்பி?

ரெண்டும் வேற வேற. பவுண்டு த்ரஸ்ட்ங்கறது நிக்கிற படக எவ்ளோ பலமா தள்ளுதுன்னு அளக்குறது, ஹெச்பி சக்தி. ஒப்பிட்டே ஆகணும்னா இப்படிப் பாருங்க, 55 பவுண்டு மோட்டார் ஃபுல்லா முறுக்குனா 12 வோல்ட்ல 50 ஆம்ப் இழுக்கும், 600 வாட், ஒரு ஹெச்பிக்கு 746 வாட். அதாவது ஒரு ஹெச்பி கூட இல்ல. டார்கீடோ, ஈப்ரொபல்ஷன் மாதிரி கம்பெனிக எலக்ட்ரிக் அவுட்போர்டுன்னு விக்கிறது வேற ரகம், அதுல பெரும்பாலானது 1000 வாட்டோ அதுக்கு மேலயோ இருக்கும், ப்ரொப்பல்லரும் பயணத்துக்குன்னே பண்ணினது, விலையும் அதே மாதிரி ஏறும். மீன் ஸ்பாட் கரைலேர்ந்து ரொம்ப தூரம்னா அதப் பத்தி யோசிக்கலாம். மின்கோட்டா மாதிரி ட்ரோலிங் மோட்டார்க தூண்டில் போட்டுக்கிட்டே மெதுவா நகர்றதுக்குன்னு வந்த சாமான், 1934லேர்ந்து அந்தக் கம்பெனி இந்த மோட்டார பண்ணிட்டு இருக்கு.

கேள்வி: பெரிய மோட்டார் போட்டா வேகமா போகும்ல?

போகாது. தண்ணிய தள்ளிக்கிட்டு போற படகுக்கு அதோட நீளமே வேகத்துக்கு கூரை. தண்ணில படுற நீளத்த அடில எடுத்து வர்க்கமூலம் போட்டு 1.34ஆல பெருக்குனா நாட் கணக்குல வேகம் வரும். 9 அடிக்கு 4 நாட், அதாவது மணிக்கு 7.4 கிலோமீட்டர். 12 அடிக்கு கிட்டத்தட்ட 4.6 நாட், 8.6 கிலோமீட்டர். அதுக்கு மேல போகணும்னா படகு தண்ணி மேல ஏறி வழுக்கணும், அதுக்கு வேண்டிய சக்தி இந்த மோட்டார்கள்ட்ட இல்ல. ட்ரோலிங் மோட்டார் ப்ரொப்பல்லரும் மெதுவா பலமா தள்ளுற மாதிரிதான் செஞ்சிருக்கும், அதனால 45 போட்டாலும் 70 போட்டாலும் டாப் ஸ்பீடு பெருசா மாறாது, காத்துலயும் சொமையிலயும் அந்த ஸ்பீட விடாம பிடிச்சுக்கும், அவ்ளோதான் லாபம்.

இதுக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கு. வேகத்த பாதியாக் கொறச்சா தேவைப்படுற சக்தி சுமாரா எட்டுல ஒரு பங்காயிடும். முறுக்கிக்கிட்டே போனா சீக்கிரம் தீரும் பேட்டரி, மெதுவா போனா நாள் பூரா வரும்.

கேள்வி: கார் பேட்டரி சும்மா கெடக்கு, அத வைக்கலாமா?

வைக்கலாம், ரெண்டு மூணு மாசத்துல அது செத்துடும். கார் பேட்டரி ஒரு செகண்டு பலமா குடுத்துட்டு ஒடனே சார்ஜ் ஆகுறதுக்குப் பண்ணினது, உள்ள தகடு மெல்லிசு, முழுசா காலி பண்ணிப் பண்ணி ஏத்துனா தாங்காது. நிறைய காலி பண்ணி திரும்ப ஏத்துறதுக்குன்னே வர்ற டீப் சைக்கிள் பேட்டரின்னு கேட்டு வாங்குங்க.

கேள்வி: ஈயமா லித்தியமா, எவ்ளோ நேரம் வரும்?

100 ஆம்ப் அவர் ஈயப் பேட்டரின்னா 28, 30 கிலோ. அதுல பாதிக்கு மேல இழுத்தா ஆயுசு கொறையும், அப்போ கைல இருக்குறது 50 ஆம்ப் அவர்தான். இன்னொரு வில்லங்கமும் இருக்கு, மேல எழுதியிருக்குற 100ங்கறது 20 மணி நேரத்துல மெதுவா எடுத்தா வர்ற அளவு, அதாவது 5 ஆம்ப் வீதம், நீங்க 50 ஆம்ப் இழுத்தா அந்த 100 வராது. அதனால ஃபுல் ஸ்பீடுல பாதிப் பேட்டரி முக்கால் மணி நேரம் கூட வராது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஆம்ப் அவர் வெறும் 11லேர்ந்து 13 கிலோ, 90 வரைக்கும் தைரியமா எடுக்கலாம், ஃபுல் ஸ்பீடுல ஒன்னே முக்கால் மணி நேரம், 12 ஆம்ப் இழுக்குற மாதிரி மெதுவா போனா 7 மணி நேரத்துக்கு மேல.

விலைக்கு ஈயம், முதுகுக்கு லித்தியம். படக தூக்குறது நீங்க ஒருத்தர்தான்னா காசப் பாக்காம லித்தியம் போங்க, அந்த 15 கிலோ வித்தியாசம் வாங்குறப்ப தெரியாது, சேத்துல பேட்டரிய தூக்கிட்டு நடக்குறப்பத்தான் தெரியும்.

ஆனா லித்தியத்துல ஒரு விஷயம் கவனம். ஈயம் தீர்றப்ப மோட்டார் சோர்ந்துகிட்டே வரும், நமக்கே புரிஞ்சுடும் திரும்பலாம்னு. லித்தியம் கடைசி வரைக்கும் அதே வேகத்துல ஓடிட்டு திடீர்னு பொட்டுனு நின்னுடும், உள்ள பேட்டரிய பாதுகாக்குற எலக்ட்ரானிக் சர்க்யூட், பிஎம்எஸ்னு சொல்றது, கட் பண்ணிடும். வோல்ட் மீட்டர நம்புறதும் வீண், வோல்டேஜ் நடுவுல அசையவே அசையாது. எவ்ளோ ஆம்ப் போச்சுன்னு எண்ணுற ஷன்ட் மீட்டர் ஒன்னு மாட்டிடுங்க, பாதி ஆனதும் திரும்பிடுங்க. பிஎம்எஸ் 100 ஆம்ப் தாங்குறதா பாத்து வாங்குங்க, 50 ஆம்ப் மோட்டாருக்கு 50 ஆம்ப் பிஎம்எஸ்ங்கறது கழுத்தளவு தண்ணில நிக்கிற மாதிரி. தண்ணி உறையுற குளிர்ல லித்தியத்த சார்ஜ் போடக்கூடாது, ஈயப் பேட்டரிய அடைச்ச ரூம்ல சார்ஜ் போடக்கூடாது, ஹைட்ரஜன் வரும்.

கேள்வி: பேட்டரி நிறைய இருந்தா துடுப்பு எதுக்கு?

இதக் கேட்டவருக்கு என் கதையத்தான் சொன்னேன். நானும் கூட்டாளியும் 10 அடி காத்துப் படகு, 30 பவுண்டு மோட்டார், கொஞ்சம் வயசான ஈயப் பேட்டரி. காத்து முதுகுல தள்ளுச்சு, 20 நிமிஷத்துல ஏரியோட அந்தப் பக்கம், மோட்டார் எவ்ளோ ஜோருன்னு பேசிக்கிட்டே போனோம். மத்தியானம் திரும்புனா அதே காத்து மூஞ்சில. ஃபுல்லா முறுக்கியும் கரைல இருந்த ஒரு பட்டமரம் அதே எடத்துலயே நிக்குது, படகோட மூக்கு மட்டும் எடமும் வலமும் போகுது. அரைமணி நேரத்துல மோட்டார் சத்தம் எறங்க ஆரம்பிச்சுது, அப்புறம் ப்ரொப்பல்லர் சுத்துறத எண்ணவே முடிஞ்சுது. கூட்டாளி முன்னாடி முட்டி போட்டு துடுப்பு போட, நான் பின்னாடி இன்னொரு துடுப்போட, கரையோரமா காத்து படாத எடமா பாத்து ஒட்டி ஒட்டி ஒன்றரை மணி நேரம். உள்ளங்கை ரெண்டும் கொப்புளம். அந்தத் துடுப்ப வேண்டாம் சொமன்னு கார்லயே விட்டுட்டு வரப் பாத்தவன் நான்தான்.

அன்னைலேர்ந்து எனக்கு ரெண்டு பழக்கம். போறப்ப எதிர்காத்துல போறது, திரும்பறப்ப காத்து நம்ம பக்கம் இருக்கும். அப்புறம், துடுப்பு படகுல ஏறுனப்புறம்தான் மோட்டார் ஏறும்.

கேள்வி: மோட்டார் முன்னாடி மாட்டணுமா பின்னாடியா?

பின்னாடி மாட்டுறது ஈஸி, விலை கம்மி, எந்தப் படகுலயும் நிக்கும். முன்னாடி மாட்டுனா படக இழுத்துட்டுப் போகும், காத்துல மூக்கு திரும்பாது, கால் பெடல்ல ஓட்டலாம், ஜிபிஎஸ் வச்ச மாடல்னா நங்கூரம் இல்லாமலே ஒரே எடத்துல நிறுத்தி வைக்கும். முதல் மோட்டார்னா பின்னாடியே போதும்ங்கறேன். ஒரு சின்ன வித்தையும் இருக்கு, ஜான் போட்டுல பின்பக்கம் மாட்டின மோட்டாரோட தலைய கழட்டி 180 டிகிரி திருப்பி மாட்டிட்டு படக பின்பக்கமாவே ஓட்டிப் பாருங்க, மோட்டார் இழுக்குறதால சொன்ன பேச்சு கேக்கும், அகலமான பக்கம் முன்னாடி போறதால அலைல மட்டும் வேணாம்.

எடை விஷயம் மறக்காதீங்க, ஆளும் மோட்டாரும் பின்னாடி, பேட்டரியும் பின்னாடியேன்னா மூக்கு வானத்தப் பாக்கும், காத்து அத புடிச்சு திருப்பிடும். பேட்டரிய நடுவுக்கோ முன்னாடிக்கோ தள்ளுங்க.

கேள்வி: பேட்டரிய முன்னாடி வச்சா வயர் நீளமாகுமே?

ஆகும், அதனால தடிமனா போடணும். கணக்கு சொல்றேன், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல இரண்டரை மீட்டர், போயி வர 5 மீட்டர் தாமிரம். 6 சதுர மில்லிமீட்டர் வயர்ல 50 ஆம்ப் போனா முக்கால் வோல்ட் வயர்லயே காணாமப் போகும், 36 வாட் சூடா மாறும், தொட்டா தெரியும். அதே 16 சதுர மில்லிமீட்டர் போட்டா கால் வோல்ட்டோட முடிஞ்சுது. பேட்டரியோட பிளஸ் பக்கத்துலேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 50 இல்ல 60 ஆம்ப் பிரேக்கர் கண்டிப்பா வேணும். ப்ரொப்பல்லர்ல கொடி சிக்கி மோட்டார் நின்னுட்டா கரண்டு எகிறும், பிரேக்கர் இல்லன்னா எரியுறது வயரா மோட்டாரான்னு பந்தயம் கட்டலாம்.

கேள்வி: ஷாஃப்ட், அதாவது மோட்டார் தலைலேர்ந்து தண்ணிக்குள்ள எறங்குற தண்டு, எவ்ளோ நீளம்?

ப்ரொப்பல்லர் மேல்முனை தண்ணிக்குள்ள 15 செண்டிமீட்டராவது இருக்கணும், இல்லன்னா காத்த உறிஞ்சிக்கிட்டு சலசலன்னு சத்தம் போடும், மீன் ஓடிடும். தாழ்வான படகுக்கு 30 இஞ்ச் போதும், பின்பலகை ஒசரமா இருந்தா 36. கயாக்குக்கு இதவிட சின்னதே கெடைக்கும்.

கேள்வி: அஞ்சு கியர் மாடலா, முறுக்குறதுக்கேத்த மாதிரி போற மாடலா?

அஞ்சு கியர் மாடல் கம்மி ஸ்பீடுல மிச்ச சக்திய சூடாக்கி வீணடிக்கும். நிறுத்தி நிறுத்தி குடுக்குற எலக்ட்ரானிக் கன்ட்ரோல் வச்சது மெதுவா போறப்ப பேட்டரிய நல்லா மிச்சம் பண்ணும், மீன் பிடிக்கிறவன் மெதுவாத்தான போறான். காசு கூடுனாலும் அதையே எடுங்க.

கேள்வி: கடல்ல பயன்படுத்தலாமா?

உப்புத்தண்ணிக்குன்னு எழுதியிருக்குற மாடல் மட்டும். அதுல துத்தநாகக் கட்டி ஒன்னு இருக்கும், மோட்டாருக்கு பதிலா அது அரிச்சுப் போகும், கரைஞ்சதும் மாத்தணும். எத மாட்டுனாலும் வந்ததும் நல்ல தண்ணில கழுவுங்க. இந்த அளவு படக வச்சுக்கிட்டு கழிமுகம், உப்பங்கழிய தாண்டி திறந்த கடலுக்குப் போறது எனக்கு சம்மதமில்ல.

கேள்வி: காத்துப் படகு தூண்டில் முள்ளு குத்தி வெடிச்சுடாதா?

படாருனு வெடிக்காது, கெட்டியான பிவிசில முள்ளு லேசா இறங்குனா மெதுவாத்தான் காத்து போகும், அதுவும் ரெண்டு மூணு அறை தனித்தனியா இருக்கும். முள்ள விட வெயில்தான் எதிரி. காலைல குளிர்ல கிண்ணுனு அடிச்சுட்டு மத்தியானம் கரைல வெயில்ல போட்டா உள்ள அழுத்தம் ஏறி தையல் ஒட்டு விட்டுடும், கரைல ஏத்துனதும் கொஞ்சம் எறக்கி விடுங்க. மடிக்கிறதுக்கு முன்னாடி நல்லா காய வைங்க, இல்லன்னா அடுத்த தடவ பிரிக்கிறப்ப பூசண வாசனை.

கேள்வி: லைசென்ஸ் வேணுமா?

எடத்துக்கு எடம் மாறும். சில எடத்துல மோட்டார்னு ஒன்னு மாட்டிட்டாலே, எலக்ட்ரிக்கா இருந்தாலும், பதிவு பண்ணச் சொல்வாங்க, சில குடிநீர் ஏரில பெட்ரோலுக்கு தடை, எலக்ட்ரிக்குக்கு மட்டும் அனுமதி. வாங்குறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணிக்கு யாரு பொறுப்போ அவங்ககிட்ட கேட்டுடுங்க. லைஃப் ஜாக்கெட்டுக்கு யாரையும் கேக்க வேணாம், போட்டுக்கணும்.

கேள்வி: பழைய மோட்டார் வாங்கலாமா?

தாராளமா, ஆனா ப்ரொப்பல்லர கழட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க. ஒரே ஒரு நட்டுதான், அத கழட்டி ப்ரொப்பல்லர இழுத்தா அது மாட்டியிருந்த சின்ன அச்சுல குறுக்க ஒரு சின்ன பின்னு இருக்கும், அதுக்குப் பின்னாடி பாருங்க. தண்ணில அறுந்து மெதக்குற தூண்டில் நரம்பு சுத்திச் சுத்தி அந்த எடத்துல இறுகிப் போயி, தண்ணிய உள்ள விடாம தடுக்குற சீல் வளையத்த வெட்டிடும், அப்புறம் தண்ணி மோட்டாருக்குள்ள போகும். நான் பாத்த ஒரு மோட்டார்ல நரம்பு வளையல் மாதிரி உருகி ஒட்டியிருந்துச்சு, பிளேடு வச்சு வெட்டி எடுத்தா அடில பச்சை பச்சையா பாசி. வித்தவரு ஒரு தடவ கூட கழட்டினதே இல்லன்னாரு. அப்படி இருந்தா மோட்டார சாச்சுப் புடிச்சு சீல் பக்கம் தண்ணியோ எண்ணெயோ கசியுதான்னு பாருங்க, கைல சுத்திப் பாருங்க, மணல் அரைக்கிற மாதிரி கரகரன்னா வச்சுட்டு வந்துடுங்க. சுத்தமா வழுக்கிட்டு சுத்துனா பேட்டரி மாட்டி ஒரு வாளி தண்ணில ஓட்டிப் பாத்துட்டு பேரம் பேசலாம், வெறும் காத்துல ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, அது சூடாயிடும்.